மஞ்சள் டோனர் தாள்: தாளை வாங்கலாம், அறிவுரையை விட்டுவிடலாம்

இணையக் கடைகளில் ஒரே மஞ்சள் தாள் பல பெயர்களில் விற்கப்படுகிறது. வெப்ப மாற்றுத் தாள், பிசிபி தாள், டோனர் தாள் என்று எதைத் தேடினாலும் வந்து நிற்பது அதுதான். ஏ4 அளவில் பத்துத் தாள், ஒரு பக்கம் வழவழப்பான மஞ்சள் பூச்சு, விலை நான்கு சிங்கப்பூர் வெள்ளிக்குள். பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகையை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கான சரக்கு. லேசர் அச்சுப்பொறியில் சுற்றின் படத்தை இந்தத் தாளில் அச்சிட்டு, மேலே செம்புப் படலம் ஒட்டிய பலகையின் மேல் கவிழ்த்து, சூட்டில் அழுத்தினால் அச்சில் கறுப்பு மைபோலத் தெரியும் டோனர் முழுவதும் செம்புக்கு மாறிவிடும். டோனர் மூடிய இடம் தப்பிக்கும். மற்ற செம்பை அரிப்புக் கரைசல் தின்றுவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாள் நல்ல தாள். பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சடித்து அனுப்புகிற செய்முறைதான் எதற்கும் உதவாதது. ‘அச்சிடுக, ஒட்டுக, உரிக்க’ என்று மூன்று படம் போட்டிருக்கிறார்கள். செம்பைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு சொல் இல்லை. இந்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான்.

எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. எண்பதுகளில் சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இதே பலகைகளைச் செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே டோனர் கிடையாது. ஒளியில் இறுகும் படலத்தைச் செம்பின் மேல் ஒட்டி, புற ஊதா ஒளி காட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவி, அதன் பிறகு அரிப்புத் தொட்டிக்கு அனுப்புவோம். அந்தப் படலம் மஞ்சள் வெளிச்சத்தில் கெடாது என்பதால் அறை முழுவதும் மஞ்சள் விளக்குதான். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் வெயில்கூடச் சற்று நீலமாகத் தெரியும். அந்த முறையை வீட்டில் செய்வதற்கும் பொருள்கள் கிடைக்கின்றன. ஆனால் இருட்டறை, ஒளிப்பெட்டி, கரைசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு இழுத்துக்கொண்டே போகும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதற்கெல்லாம் இடம் ஏது? இஸ்திரிப் பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

டோனர் என்பது மை என்று பலர் நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக் தூள். அதில் கரி கலந்திருக்கும். அச்சுப்பொறிக்குள் இருக்கும் சூடான உருளை அந்தத் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. ஒருமுறை உருகியது மறுமுறையும் உருகும். அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் இந்த முறையே நடக்கிறது. 1938 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் உலர்நகலை எடுத்தபோதும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் படிந்த தூளை மெழுகுத் தாளுக்கு மாற்றி, அதைச் சூட்டினால்தான் நிலைக்கவைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1936 வாக்கில், பால் ஐஸ்லர் அச்சிட்ட சுற்றுப் பலகையை வைத்து வானொலி செய்து காட்டியிருந்தார். இருவர் வேலையையும் நம் வீட்டு இஸ்திரி மேசையில் ஒன்றாகப் பார்க்கலாம்.

நான் செய்த பலகை அம்மாவுக்காக. அவருக்குக் காது மந்தம். வாசல் மணி கேட்பதில்லை. மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு அரை நிமிடம் விட்டு விட்டு எரிய வேண்டும் என்பதுதான் தேவை. 555 என்ற நேரக் கணக்குச் சில்லுகள் இரண்டு போதும். ஒன்று நேரத்தைப் பிடித்து வைக்கும். மற்றொன்று கண் சிமிட்டும். 270 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டால் ஏறக்குறைய 30 விநாடி வரும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. வாசலில் இருக்கும் 230 வோல்ட் மின்சார இணைப்பை இது தொடவே இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம். பலகையின் அளவு 5 சென்டிமீட்டருக்கு 7.

வரைவதற்கு கீகேட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதைப் பற்றி எழுதினால் தனி விமர்சனம் ஆகிவிடும். மூன்று விஷயம் மட்டும். முதலாவது, அச்சின் அளவு சரியாக ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டும். சாதாரணத் தாளில் முதலில் அச்சிட்டு, சில்லை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால்கள் புள்ளிகளின் மேல் உட்கார்ந்தால் சரி. பக்கத்துக்கு ஏற்ப சுருக்கும் வசதி அச்சுப்பொறியில் தானாக இயங்கிக்கொண்டிருந்தால் எட்டாவது காலில் இடறும்.

இரண்டாவது, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டுமா என்ற குழப்பம். துளை வழியே கால் நுழையும் உறுப்புகளை மேலே வைத்து, செம்பைக் கீழே வைக்கும் ஒருபக்கப் பலகை என்றால் திருப்ப வேண்டாம். மென்பொருள் கீழ்ப் பக்கத்தை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாகவே காட்டுகிறது. தாளைக் கவிழ்க்கும்போது அது தானாகச் சரியாகிவிடும். செம்புப் பக்கம் ஏதாவது எழுத்து வைத்திருந்தால், தாளில் அது இடவலமாகத் திரும்பித் தெரிய வேண்டும், பலகையில் நேராக வர வேண்டும். நான் எப்போதும் ஒரு மூலையில் தேதியை எழுதிவிடுகிறேன். தாளில் தேதியைப் படிக்க முடிந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். மேற்பரப்பில் பற்றவைக்கும் சின்ன உறுப்புகள் என்றால் கதை வேறு. அவை செம்புப் பக்கமே உட்காருவதால் திருப்பித்தான் அச்சிட வேண்டும்.

மூன்றாவது, தடத்தின், அதாவது உறுப்புகளை இணைக்கும் செம்புக் கோட்டின், அகலம். சில்லின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். கால் உட்காரும் புள்ளியின் விட்டம் 1.6 என்றால் நடுவே மிஞ்சுவது 0.94. அதில் 0.3 மில்லிமீட்டர் தடம் ஒன்றை ஓட்டினால் இரு பக்கமும் 0.32 இடைவெளி கிடைக்கும். இந்தத் தாளில் அது சுத்தமாக வருகிறது. 0.2க்குக் கீழே போனால் வரும், ஆனால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்ய வேண்டும். இடம் இருக்கும் இடத்தில் எல்லாம் தடத்தை அகலமாக்கிவிடுங்கள்; அடாப்டரிலிருந்து மின்சாரம் வரும் தடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கொடுத்தேன்.

இனித் தாளுக்கு வருகிறேன். அச்சுப்பொறிக்குள் நன்றாகவே போகிறது. முழு ஏ4 தாளையும் ஒரு சின்னப் பலகைக்காக வீணாக்க வேண்டியதில்லை. முதலில் வெறும் தாளில் அச்சிட்டு, படம் விழும் இடத்தைக் கண்டு, அந்த இடத்தில் மஞ்சள் தாளின் துண்டை ஒட்டி மறுபடி செலுத்தலாம். ஒட்டுவதற்கு காகித லேபிள் பயன்படுத்துங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் டேப் உள்ளே இருக்கும் சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். தாள் முன்னே போகும் பக்கத்து விளிம்பை முழுவதும் ஒட்ட வேண்டும். டோனர் சிக்கன வசதியை அணைத்துவிட்டு, அடர்த்தியை உச்சத்தில் வைக்க வேண்டும். வழவழப்பான பக்கத்தை விரலால் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் டோனர் பிடிக்காமல் ரேகை வெள்ளையாக நிற்கும்.

சொந்தமாக லேசர் அச்சுப்பொறி இல்லாதவர்களுக்குத்தான் சிரமம். இங்க் அச்சுப்பொறி இதற்கு உதவாது. என் புளோக்குக்குக் கீழே உள்ள நகல் கடைக்காரர் மஞ்சள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம் எந்திரத்தில் வேற்றுத் தாள் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போனால் பல ஆயிரம் வெள்ளி எந்திரம். நகல் கடையை நம்பி இந்தத் தாளை வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவர்களிடம் அவர்களுடைய பளபளப்பான தாளிலேயே அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் வேலைக்கு ஆகும், ஆனால் கடைசியில் ஊறவைத்துத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

செம்பு. பலகையை வாங்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பக் கூடாது. கைபட்ட எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத துரு, இந்த ஊர் ஈரக்காற்றில் படியும் மங்கல் எல்லாம் அதன் மேல் இருக்கும். தொழிற்சாலையில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த சோதனை தண்ணீர்ச் சோதனை. சுத்தம் செய்த பலகையைத் தண்ணீரில் முக்கி, சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாகச் செம்பு முழுவதையும் மூடி நின்றால் சுத்தம். வாழையிலையில் விழுந்த நீராய் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அரை நிமிடமாவது படலம் உடையாமல் நிற்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் அருகிலேயே நின்று பார்ப்பார். அதை நான் இன்றும் விடவில்லை.

வீட்டில் ஸ்காட்ச்-பிரைட்டின் பச்சைத் தேய்ப்பானும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஒரே திசையில் தேய்க்காமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். செம்பின் நிறம் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். மேற்பரப்பு கண்ணாடியாக இல்லாமல் சற்று மங்கலாக, மெல்லிய கீறல்களோடு தெரியும். டோனருக்குப் பிடிமானம் அந்தக் கீறல்களில்தான். தண்ணீர்ச் சோதனையில் தேறிய பலகையை விளிம்பைப் பிடித்துத் தூக்கி, துடைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை இழுத்துவிட்டு உடனே வேலையைத் தொடங்க வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தால் மறுநாள் மறுபடியும் தேய்க்க வேண்டும். பாக்கெட்டில் இதற்கு ஒரு படம் போட்டிருந்தால் எத்தனையோ பேர் தாளைத் திட்டியிருக்கமாட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களின் படங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் செம்பு ஆரஞ்சுப் பழுப்பாக, கைரேகையோடு இருக்கிறது.

சூடேற்றுவதில் இரு கட்சி உண்டு, இஸ்திரிப் பெட்டிக் கட்சியும் லேமினேட்டர் கட்சியும். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். லேமினேட்டர் சீராக அழுத்தும் என்பது உண்மை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் எந்திரம் அடையாள அட்டையையும் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையிட்டு மூடுவதற்காகச் செய்தது. 1.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சாதாரணக் கண்ணாடியிழைப் பலகை அதன் வாயில் நுழைவதற்கே முரண்டு பிடிக்கிறது. 0.8 மில்லிமீட்டர் பலகை போகும். சூடும் போதாது. டோனரை உருக்க அச்சுப்பொறியின் உருளை 180, 200 டிகிரி வரை சூடாகிறது; லேமினேட்டர் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். திரும்பத் திரும்பச் செலுத்தித்தான் பலகைக்குச் சூடேற்ற வேண்டும். உள்ளே இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டை மாற்றிச் சூட்டைக் கூட்டும் வழிமுறைகளைக் காட்டும் காணொளிகள் இருக்கின்றன. 230 வோல்ட் ஓடும் பிளாஸ்டிக் பெட்டியில் அந்த வேலை வேண்டாம். பழைய பொருள் செயலியில் வாங்கிய என் லேமினேட்டர் இப்போது அக்கா பேரனின் பள்ளி வேலைகளை மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் அது லாயக்கு.

இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. சக்கரத்தைப் பருத்திக்குத் திருப்ப வேண்டும். இஸ்திரி மேசை மெத்தென்று இருப்பதால் அழுத்தம் அதில் போய்விடும். சப்பாத்திப் பலகையை அல்லது வேறு தட்டையான மரத்தை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் செம்பை ஒரு நிமிடம் சூடாக்குகிறேன். செம்பு சூட்டை உடனே பரப்பிவிடும். குளிர்ந்த பலகையில் தாளை வைத்தால் ஓரத்தில் பிடித்து நடுவில் பிடிக்காது. சூடான செம்பில் தாளை ஒரே முறையில் நேராக வைக்க வேண்டும். வைத்த பிறகு நகர்த்தவே கூடாது, ஏனென்றால் தொட்டவுடன் டோனர் ஒட்டத் தொடங்கிவிடுகிறது. மேலே பழைய வேட்டித் துணி ஒரு மடிப்பு. பெட்டியை முதலில் அசைக்காமல் உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, பிறகு முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூலைகளில் சற்று அதிகமாக. என் பலகை அளவுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

அதற்கு மேல் போனால் டோனர் நசுங்கும். தடங்களின் விளிம்பு பரந்து, அந்த 0.32 இடைவெளி மூடிக்கொள்ளும். குறைவாக இருந்தால் தடம் தாளோடு திரும்பி வந்துவிடும். இரண்டில் குறைவுதான் மேல். பிடிக்காத தடத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நசுங்கியதைச் சிலர் அப்படியே அரிக்கப் போட்டுவிட்டு, பிறகு கத்தியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தத் தாள் தன் விலையைத் திருப்பிக் கொடுப்பது உரிக்கும்போதுதான். பத்திரிகைத் தாளிலோ புகைப்படத் தாளிலோ செய்திருந்தால் பலகையை வெந்நீரில் ஊறவைத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, தடங்களுக்கு நடுவே சிக்கிய நாரைப் பல் துலக்கும் பழைய தூரிகையால் எடுக்க வேண்டும். ஒரு நார் மிஞ்சினாலும் அங்கே கரைசல் இறங்காது. இரண்டு தடம் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் தாளில் அந்தத் தொல்லை அறவே இல்லை. பலகையைக் கை தாங்கும் சூடு வரை ஆறவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் தாளின் ஓரம் தானாகச் சுருண்டு எழும். மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுத் தாளும் ஒரே துண்டாக வந்துவிடும். வந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தடம் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள். துளியும் கறுப்பு மிஞ்சுவதில்லை. பலகையில் அத்தனையும் கறுப்பாக, மட்டமாக, எழுத்து நேராக நிற்கிறது.

குறையும் இருக்கிறது. பெரிய கறுப்புப் பரப்பு வந்தால் நடுவில் ஊசிமுனைத் துளைகள் விழுகின்றன. அது அச்சுப்பொறியின் வேலை என்றாலும், வழவழப்பான இந்தத் தாளில் சற்று அதிகமாகத் தெரிகிறது. பரந்த செம்புப் பகுதியைக் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டால் பிரச்சினை குறையும். மிஞ்சிய துளைகளை அழியா மை பேனாவால் இரண்டு பூச்சு தொட்டுவிடலாம். டோனரை மூடுவதற்கென்றே பச்சைப் படலம் ஒன்று தனியாக விற்கிறார்கள். ஒருபக்கப் பலகைக்கு அது தேவையே இல்லை.

இன்னொரு குறை இந்த ஊரின் குறை. தாள் ஈரத்தை உறிஞ்சுகிறது. மழைக்காலத்தில் வெளியே வைத்திருந்த தாள் விளிம்பில் நெளிந்து, அச்சுப்பொறிக்குள் சிக்கப் பார்த்தது. இப்போது மூடி இறுகும் டப்பாவில், மருந்துப் போத்தலோடு வரும் சிலிக்கா பாக்கெட்டுகளைப் போட்டு, தட்டையாக வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்தபோதே விற்றவர் அதை மடித்து உறையில் போட்டிருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு வெடித்து, அங்கே டோனர் பிடிப்பதில்லை. ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு பட்டை வீண். புகார் சொன்னதற்கு இரண்டு வெள்ளித் தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார். மன்னிப்பு இல்லை, மாற்றுப் பாக்கெட்டும் இல்லை.

அரிப்புக்கு ஃபெர்ரிக் குளோரைடு. கட்டியாகவும் கரைசலாகவும் கிடைக்கிறது. இங்கே கரைசலை வாங்குங்கள். கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே குழைந்துபோகும், டப்பாவைத் திறந்தால் பழுப்புச் சேறு. போதாததற்குக் கட்டியைத் தண்ணீரில் போடும்போது நன்றாகச் சூடேறும். பிளாஸ்டிக் தட்டில் பலகை மூழ்கும் அளவு ஊற்றி, அந்தத் தட்டை வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டில் வைத்து, 40 டிகிரி போல இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பலகையில் இருக்கும் செம்பின் தடிமன் வெறும் 35 மைக்ரான். ஆட்டினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆட்டாமல் விட்டால் ஓரங்கள் தீர்ந்து நடுவில் செம்பு நின்றுகொண்டே இருக்கும், அது தீர்வதற்குள் ஓரத்துத் தடங்கள் பக்கவாட்டில் மெலிந்துவிடும். தெளிவாகப் பார்த்துச் செய்ய விரும்புகிறவர்கள் சோடியம் பெர்சல்பேட் வாங்கலாம். அந்தக் கரைசல் கண்ணாடியாகத் தெரியும், செம்பு கரையக் கரைய நீலமாகும். ஆனால் அதை இறுக மூடிய போத்தலில் வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து வெடிக்கும். உப்பு அமிலமும் பெராக்சைடும் கலக்கும் முறை வேகமானது. அதன் புகை அடுக்குமாடிச் சமையலறைக்கு ஆகாது.

கையுறை, கண்ணாடி, பழைய துணி. கறை லேசில் போகாது. எஃகுத் தொட்டியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஃபெர்ரிக் குளோரைடு எஃகில் குழி பறிக்கும். நான் துணி காயப்போடும் பகுதியில் செய்தித்தாள் விரித்துச் செய்கிறேன். பயன்படுத்திய கரைசலைக் கழிவுநீரில் ஊற்றக் கூடாது. அதில் இருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. போதாததற்கு இந்த நாட்டில் கழிவுநீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டர் என்ற பெயரில் பயன்பாட்டுக்குத் திரும்பி வருகிறது. ஒரே கரைசலைப் பல பலகைகளுக்குப் பயன்படுத்தலாம். பச்சையாக மாறி மந்தமானதும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து வைக்கிறேன். தங்கை மகள் வேலை செய்யும் பட்டறைக்கு உரிமம் பெற்ற இரசாயனக் கழிவு வண்டி வரும். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அதில் சேர்த்துவிடுகிறாள். அப்படி ஒரு வழி கையில் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடங்கும் முன்பே அந்த வழியைத் தேடிக்கொள்வது நல்லது.

துளையிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 0.8 மில்லிமீட்டர் முனை பெரும்பாலானவற்றுக்குப் போதும், கனமான கால்களுக்கு 1 மில்லிமீட்டர். கார்பைடு முனை கூர்மையானது, பக்கவாட்டில் ஒரு துளி சாய்ந்தாலும் முறிந்துவிடும். கையில் பிடித்துச் செய்யாமல் தாங்கியில் மாட்டுங்கள். தூள் கண்ணாடியிழை என்பதால் முகக்கவசம் கட்டாயம். கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

பொருள்களுக்கு நான் போவது சிம் லிம் டவர். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். கணினிக்காரர்கள் கூடும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. ஜாலான் புசாரில் இருக்கும் இந்தக் கட்டடத்தில்தான் ஒற்றை மின்தடையையும் எண்ணிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. பின்னால் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, பழைய மின்மாற்றியைக் கிளறி எடுக்கும் சுகம் போய்விட்டது. நான் வழக்கமாகப் போகும் கடையில் அங்கிளிடம் செம்புப் பலகை கேட்டேன். அலமாரியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஆன்ட்டி, இதையெல்லாம் இன்னும் யார் செய்கிறார்கள்? சீனாவுக்கு அனுப்பினால் அழகாகச் செய்து அனுப்பிவிடுவார்களே” என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் இரண்டுபக்கப் பலகை ஐந்து, சில அமெரிக்க வெள்ளிக்குச் செய்து தருகிறார்கள். பச்சைப் பூச்சு, வெள்ளை எழுத்து, துளைக்குள் செம்பு பூசிய இணைப்பு எல்லாம் சேர்த்து. எங்கள் காலத்தில் அந்தத் தரத்துக்கு ஒரு மாடி முழுக்க எந்திரம் வேண்டும். அஞ்சல் செலவு பலகையின் விலையைத் தாண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் மலிவுப் பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024இலிருந்து அது 9 விழுக்காடு. இரண்டுபக்கப் பலகை வேண்டும், பத்துப் பலகை வேண்டும், பிறருக்குக் கொடுக்கும் அழகு வேண்டும் என்பவர்கள் தயங்காமல் அனுப்பிவிடலாம். அவர்களுக்கு இந்த மஞ்சள் தாள் தேவையில்லை.

எனக்குத் தேவை வேறு. அம்மாவின் விளக்கு முதலில் வேகமாகச் சிமிட்டியது. அவருக்குத் தலை சுற்றியது. மெதுவாக்கினேன், மணி அழுத்துவது நின்ற பிறகும் எரிகிறதே என்றார், ஒலிப்பானுக்கு ஒரு இடம் சேர்த்தேன், பெட்டியை மாற்றியதில் துளைகள் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் காத்திருந்து, ஐந்து பலகை வாங்கி நான்கைத் தூக்கிப்போடுவது என் கைக்கு ஒவ்வாது. காலையில் மாற்றிய படம் மதியச் சாப்பாட்டுக்கு முன் பலகையாகக் கையில் இருக்கிறது. ஒருபக்கப் பலகையில் கடக்க முடியாத இடத்தில் ஒரு கம்பித் துண்டைத் தாண்டவிட்டால் முடிந்தது.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விவரம். ஏ4 பத்துத் தாள் கட்டே போதும். ஐம்பது தாள் கட்டு மலிவாகத் தெரியும், ஆனால் இந்த ஈரத்தில் பாதி வீணாகும். விற்பவரிடம் மடிக்காமல் அட்டையோடு அனுப்புமாறு வாங்கும்போதே எழுதிக் கேளுங்கள். படத்தில் தாளின் பின்பக்கமும் காட்டியிருந்தால் நல்லது. சிலர் ஆடையில் படம் ஒட்டும் தாளையும் இதே பெயரில் விற்கிறார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. முதலில் மடித்து அனுப்பிய விற்பனையாளருக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். தாளுக்கு நான்கு. வேறொருவரிடம் அடுத்த கட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அட்டையோடு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்கு ஐம்பது காசு கூடுதல்.